‘எனக்கும் ஆட்டிசம் இருக்குமோ?’ - ஃபேஷன் ஆகிவிட்டது டயக்னோசிஸா, வெறும் வார்த்தையா?

2014 நவம்பர். அமெரிக்காவின் பிரபல காமெடியன் ஜெர்ரி சைன்ஃபெல்ட், டிவி பேட்டி ஒன்றில் தன்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். நாலு பேரோடு இயல்பாகப் பழகுவதே தனக்குச் சிரமம், யாராவது சுற்றி வளைத்துப் பேசினால் சில நேரம் புரிவதில்லை, அதனால் தானும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் இருப்பதாக நினைக்கிறேன் என்றார்.

ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினர் கைதட்டினார்கள். ‘நம்ம ஆளு ஒருத்தர் இவ்வளவு பெரிய இடத்துல இருக்காரே’ என்ற சந்தோஷம். மறுபக்கம், பேச்சே வராத பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களுக்குக் கோபம். ஏறக்குறைய இரண்டே வாரத்தில் சைன்ஃபெல்ட் பின்வாங்கினார். தனக்கு ஆட்டிசம் இல்லை, அதைப் பற்றிய ஒரு நாடகம் பார்த்தபோது அதில் தன்னையே பார்த்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான் என்று விளக்கம் கொடுத்தார்.

இன்றைக்கு நாடகத்துக்கெல்லாம் போக வேண்டியதில்லை. ராத்திரி 11 மணிக்குப் படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரு ரீல் வருகிறது. ‘இந்த 5 விஷயம் உங்ககிட்ட இருக்கா?’ கூட்டம் பிடிக்காது. போன் கால் வந்தால் எடுக்கத் தோன்றாது. ஒரே பாட்டை நூறு தடவை கேட்பது. சட்டை லேபிள் கழுத்தில் உரசினால் எரிச்சல். கண்ணைப் பார்த்துப் பேசக் கூச்சம். ‘அட, இது நான்தானே!’

அடுத்த ரீலும் அதே விஷயம். ஒரு வாரத்தில் ஃபீடு முழுக்க ஆட்டிசம். இதையெல்லாம் பார்க்கும் பலருக்கும் வரும் கேள்வி இதுதான்: ‘ஆட்டிசம் இருக்குன்னு சொல்லிக்கிறது இப்போ ஃபேஷன் ஆயிடுச்சா?’

நியாயமான கேள்விதான். ஆனால், இதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆட்டிசம் என்ற வார்த்தை. இன்னொன்று, ஆட்டிசம் டயக்னோசிஸ். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

சந்தேகத்தின் ஆரம்பமே எண்கள்தான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், குறிப்பிட்ட சில பகுதிகளில் வாழும் 8 வயதுக் குழந்தைகளின் மருத்துவ, பள்ளிப் பதிவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. 2000-ம் ஆண்டுக்கான கணக்கில் 150 குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. 2010-ல் அது 68-ல் ஒருவர். 2020-ல் 36-ல் ஒருவர். 2022-ம் ஆண்டுக்கான கணக்கில் 31-ல் ஒருவர்.

பிரிட்டனில் இன்னும் பெரிய பாய்ச்சல். அங்கே 1998 முதல் 2018 வரையிலான 20 ஆண்டுகளில், புதிதாகப் பதிவான ஆட்டிசம் டயக்னோசிஸ்கள் 787% கூடின என்று எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான ஆய்வு சொன்னது. குழந்தைகளைவிடப் பெரியவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் வளர்ச்சி வேகம் அதிகம்.

‘பார்த்தீங்களா, எல்லாம் ட்ரெண்டுதான்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால், அமெரிக்கக் கணக்கில் இருப்பவர்கள் 8 வயதுப் பிள்ளைகள். அவர்கள் ரீல்ஸ் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடியவர்கள் கிடையாது. பிரிட்டன் ஆய்வு 2018-ல் முடிந்துவிட்டது. ஆட்டிசம் வீடியோக்கள் குவிந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஆக, ஏற்றம் சோஷியல் மீடியாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்படியென்றால் காரணம் என்ன?

கோடு எங்கே இருந்தது, எங்கே வந்தது?

ஆட்டிசம், தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறோம், ரத்தப் பரிசோதனையில் தெரிவது இல்லை. ஸ்கேனிலும் தெரியாது. ஒருவரின் நடத்தையையும் வளர்ந்த கதையையும் வைத்து, ஒரு வரையறையோடு ஒப்பிட்டு முடிவு செய்வது. அதனால் வரையறை மாறினால் எண்ணிக்கையும் மாறும்.

1943-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்களோடு ஒட்டாமல் தனி உலகத்தில் இருப்பது, எதுவும் மாறக் கூடாது என்ற பிடிவாதம் - இப்படிப்பட்ட குழந்தைகள். அன்றைய ஆட்டிசம் மிகவும் குறுகிய வட்டம். அந்தப் பெயரை யாரும் விரும்பி வாங்கவில்லை. 1950, 60-களில் ‘தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது’ என்று அம்மாக்கள் மீதே பழி போட்டார்கள். அந்தக் கருத்து பிறகு முற்றிலும் தவறு என்று ஒதுக்கப்பட்டது.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் வெளியிடும் கையேடுதான் உலகின் பல நாடுகளில் டயக்னோசிஸுக்கு அடிப்படை. 1980-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில்தான் ஆட்டிசத்துக்குத் தனி இடம் கிடைத்தது. அப்போதும் ‘இரண்டரை வயதுக்குள் வெளிப்பட வேண்டும்’ என்று கறாராக இருந்தது.

1981-ல் பிரிட்டன் மனநல மருத்துவர் லோர்னா விங் ஆட்டத்தை மாற்றினார். அவருடைய மகளுக்கும் ஆட்டிசம் இருந்தது. நன்றாகப் பேசக்கூடிய, அறிவுத்திறனில் குறையில்லாத, ஆனால் மற்றவர்களோடு பழகுவதில் திணறும் ஆட்களும் இருக்கிறார்கள் என்று அவர் எழுதினார். வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதி, பெரிதாக யாரும் கவனிக்காமல் விட்ட கட்டுரையைத் தூசு தட்டி எடுத்து, ‘ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்’ என்ற பெயரைப் பரப்பினார். ஆட்டிசம் ஒரு பெட்டி இல்லை, லேசானது முதல் தீவிரமானது வரை நீளும் ஒரு தொடர் என்ற ‘ஸ்பெக்ட்ரம்’ பார்வையும் அவரிடமிருந்து வந்ததே.

1994-ல் கையேட்டின் நான்காம் பதிப்பில் ஆஸ்பெர்கர் சேர்ந்தது. 2013-ல் ஐந்தாம் பதிப்பில் எல்லாப் பிரிவுகளும் ஒரே குடைக்குள் வந்து ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் குறைபாடு’ ஆனது. சத்தம், தொடுதல், வெளிச்சம் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறிய கூச்சமோ, உணர்வே இல்லாமையோ இருப்பதும் அளவுகோலில் சேர்ந்தது.

இந்த மாற்றங்கள் எண்ணிக்கையை எவ்வளவு உயர்த்தும்? டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த 2015-ம் ஆண்டு ஆய்வு ஒரு விடை தருகிறது. அங்கே ஏற்பட்ட உயர்வில் ஏறக்குறைய 60 சதவிகிதத்துக்குக் காரணம், வரையறை மாறியதும் புறநோயாளிகளையும் பதிவேட்டில் சேர்க்கத் தொடங்கியதும்தான். அதாவது, வலையின் அளவு பெரிதானது. முன்பு ‘அறிவுத்திறன் குறைபாடு’ என்று பதிவான பலர் இப்போது ஆட்டிசம் என்று பதிவாகிறார்கள். பெற்றோர், ஆசிரியர், டாக்டர் எல்லோருக்கும் விழிப்புணர்வு கூடியிருக்கிறது. மீதி உயர்வில் வேறு காரணங்களின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் தொடர்கிறது.

வலை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. அதில் முக்கியமானவர் ஆலன் ஃபிரான்சஸ். 1994 கையேட்டை உருவாக்கிய குழுவின் தலைவரே அவர்தான். லேசான வடிவத்தைச் சேர்த்தது தேவைக்கு அதிகமான டயக்னோசிஸ்களுக்குக் கதவு திறந்துவிட்டது என்று அவரே வெளிப்படையாக எழுதிவருகிறார்.

வார்த்தை எப்படி ஃபேஷன் ஆனது?

டயக்னோசிஸ் கூடியதற்குக் காரணங்கள் இவை. வார்த்தை பரவியது தனிக் கதை.

சினிமாவிலிருந்து தொடங்கலாம். 1988-ல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மேன் கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்குப் போடுவார். ஆட்டிசம் என்றால் அபூர்வ மூளை என்ற பிம்பம் அங்கிருந்து வளர்ந்தது. 2013-ல் வெளியான தமிழ்ப்படம் ‘ஹரிதாஸ்’ வேறு மாதிரி. ஆட்டிசம் உள்ள சிறுவனும் அவனோடு போராடும் அப்பாவும்தான் அதில் மையம். ஆனால், இன்றைய இளைஞர்களின் மனதில் இருப்பது பெரும்பாலும் 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் ஹிட்டடித்த கொரியத் தொடரின் வக்கீல் வூ யங் வூ. சட்டப் புத்தகம் முழுக்க மனப்பாடம், திமிங்கிலம் பற்றி ஓயாத பேச்சு, பார்ப்பதற்கே அழகு.

பிறகு பிரபலங்கள். 2021 மே மாதம் அமெரிக்க காமெடி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய எலான் மஸ்க், தனக்கு ஆஸ்பெர்கர் இருப்பதாக மேடையிலேயே சொன்னார். கிரேட்டா துன்பெர்க் அதைத் தன் சூப்பர் பவர் என்றார். பயந்து மறைத்த காலம் போய் வெளியே சொல்லும் காலம் வந்தது நல்ல விஷயம்தான். அதேசமயம், ‘ஜீனியஸ்’, ‘மற்றவர்களைவிட வித்தியாசமானவர்’ என்ற பளபளப்பும் அந்த வார்த்தையில் ஒட்டிக்கொண்டது.

அடுத்து சோஷியல் மீடியா. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் பற்றித் தகவல் சொல்லும் 133 டிக்டாக் வீடியோக்களை ஆராய்ந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றை மொத்தமாகப் பார்த்தது கிட்டத்தட்ட 20 கோடி முறை. அவற்றில் சரியான தகவல் சொன்னவை 27% மட்டுமே. 41% தவறானவை. மீதி 32%, ஒருவரின் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியவை. இந்தியாவில் டிக்டாக் 2020-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால், அதே மாதிரி வீடியோக்கள் ரீல்ஸ், ஷார்ட்ஸ் வழியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மனரீதியான துன்பங்களைக் குறிக்கும் சொற்கள் காலப்போக்கில் இன்னும் லேசான விஷயங்களையும் உள்ளே இழுத்துக்கொள்வதை, மெல்போர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2016-லேயே சுட்டிக்காட்டினார். நம்மிடையேயும் பார்க்கிறோமே. மேசையைச் சுத்தமாக வைத்திருந்தால் ‘எனக்கு ஓசிடி’. திங்கட்கிழமை சோர்வாக இருந்தால் ‘டிப்ரஷன்’. அந்த வரிசையில் இப்போது ‘நான் கொஞ்சம் ஆட்டிஸ்டிக்’.

ஆன்லைன் டெஸ்ட்டில் மார்க் அதிகம் வந்தால்?

ரீல் பார்த்தவர்கள் அடுத்துச் செய்வது ஆன்லைன் டெஸ்ட். அதில் பிரபலமானது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சைமன் பேரன் கோஹன் குழு 2001-ல் உருவாக்கிய 50 கேள்விகள் கொண்ட படிவம். நல்ல கருவிதான். ஆனால், அது முதல்கட்டச் சல்லடை மட்டுமே, தீர்ப்பு கிடையாது. ஏன்? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

* 1,000 பேர் ஒரு டெஸ்ட் எழுதுகிறார்கள். அதில் 10 பேருக்கு உண்மையிலேயே ஆட்டிசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.
* டெஸ்ட் அந்த 10 பேரில் 9 பேரைச் சரியாகப் பிடிக்கிறது.
* ஆட்டிசம் இல்லாத 990 பேரில் 10% பேரை, அதாவது 99 பேரை, ‘இருக்கலாம்’ என்று தவறாகச் சொல்கிறது.
* ஆக, ‘இருக்கலாம்’ என்று ரிசல்ட் வந்தவர்கள் 108 பேர். அதில் உண்மையானவர்கள் 9 பேர். பன்னிரண்டில் ஒருவர்!

டெஸ்ட் மோசமானது என்பதால் வரும் விளைவு இல்லை இது. எண்ணிக்கையில் குறைவாக உள்ள ஒன்றைப் பெரிய கூட்டத்தில் தேடும்போது எந்தச் சல்லடையிலும் இப்படித்தான் நடக்கும். சமூகப் பதற்றம், ஏடிஹெச்டி, ஓசிடி, மன அழுத்தம், சிறுவயதுக் கசப்பான அனுபவங்கள் ஆகியவை உள்ளவர்களுக்கும் இந்த டெஸ்ட்டில் மார்க் ஏறலாம். அவற்றுக்கான சிகிச்சையே வேறு. ஆட்டிசம் என்று நாமே முடிவு கட்டிவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒரு பதற்ற நோய் வருடக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

அப்போ, டாக்டர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

கையேட்டின்படி முக்கியமாக ஐந்து விஷயங்கள் பார்க்கப்படுகின்றன.

1. பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் சிரமம். பேச்சில் கொடுத்து வாங்குவது, முகபாவம், சைகை போன்றவற்றைப் புரிந்துகொள்வதும் பயன்படுத்துவதும், உறவுகளை ஏற்படுத்தித் தக்கவைப்பது - இந்த மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும்.

2. திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தை ஏற்க முடியாமை. ஒரே அசைவு அல்லது பேச்சைத் திரும்பச் செய்வது, வழக்கம் மாறினால் தாங்க முடியாமை, ஒரே விஷயத்தில் தீவிர ஆர்வம், புலன்சார்ந்த கூச்சம் - இந்த நான்கில் இரண்டாவது இருக்க வேண்டும்.

3. சிறுவயதிலிருந்தே இருப்பது. 24 வயதில் ஆபீஸ் மாறிய பிறகு தொடங்கியது ஆட்டிசம் ஆகாது. ஆனால், சின்ன வயதில் இருந்ததை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பழகிக்கொண்ட உத்திகளால் அது மறைந்தும் இருக்கலாம். கையேடே இதை ஒப்புக்கொள்கிறது.

4. வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிப்பது. வேலை, படிப்பு, உறவு, அன்றாடக் காரியங்கள் இவற்றில் உண்மையான தடை.

5. வேறு காரணத்தால் விளக்க முடியாதது.

ரீல்ஸ் பெரும்பாலும் முதல் இரண்டைத் துண்டு துண்டாகக் காட்டுகின்றன. மூன்றும் நான்கும் காணாமல் போகின்றன. டயக்னோசிஸைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓர் உதாரணம். கல்யாண வீட்டுக் கூட்டம் பிடிக்காமல் ஓரமாக உட்கார்ந்து போன் பார்ப்பது சுபாவம். பலருக்கும் உண்டு. அதே கல்யாண வீட்டில் மேளச் சத்தம் உடம்பில் அடி விழுவதுபோல இருந்து, யார் என்ன கேட்டாலும் பதில் வராமல் உறைந்துபோய், வீடு திரும்பியபின் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாமல் கிடப்பது வேறு. அதுவும் ஐந்து வயதிலிருந்து எல்லா விசேஷத்திலும் அப்படியென்றால், ஒரு நிபுணரைப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

‘முப்பது வயசுல என்ன திடீர்னு?’

ஃபேஷன் என்ற குற்றச்சாட்டு அதிகம் பாய்வது தாமதமாக டயக்னோசிஸ் பெற்றவர்கள் மீதுதான், குறிப்பாகப் பெண்கள் மீது. ‘இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தே?’

ஆட்டிசம் ஆய்வுகள் நீண்ட காலம் பையன்களை வைத்தே நடந்தன. கானரின் 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். ‘நாலு பையனுக்கு ஒரு பொண்ணு’ என்பதே பல ஆண்டுகள் பாடம். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு நெருக்கமாக இருப்பது தெரிந்தது. அதாவது, ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைகள் டாக்டரிடம் வராமலேயே போயிருக்கிறார்கள்.

காரணம் ‘மாஸ்க்கிங்’. முகமூடி போட்டுக்கொள்வது. எங்கே சிரிக்க வேண்டும், எத்தனை நொடி கண்ணைப் பார்க்க வேண்டும், ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்வது. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் பரீட்சை. நம் ஊரில் பேசாமல் ஒதுங்கி இருக்கும் பெண் குழந்தைக்குக் கிடைப்பது பாராட்டுதான். ‘எவ்வளவு அமைதியான பொண்ணு!’ யாரும் கவலைப்பட மாட்டார்கள். பல பெண்களுக்குத் தங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லும்போதுதான், ‘நானும் இப்படித்தானே இருந்தேன்’ என்று தோன்றுகிறது.

இதில் இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிரிட்டனில் பெரியவர்களான பிறகு ஆஸ்பெர்கர் டயக்னோசிஸ் பெற்ற 374 பேரிடம் நடத்தி, 2014-ல் லான்செட் குழும இதழில் வெளியான ஆய்வில், 66% பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். இவர்களைப் பார்த்து ‘ட்ரெண்டுக்காகச் சொல்றாங்க’ என்பது எவ்வளவு கொடுமை!

தானாகவே அடையாளப்படுத்திக்கொள்வதை ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் ஆதரிப்பதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில், பரிந்துரை வந்த 13 வாரங்களுக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். நடைமுறையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நிற்கிறார்கள். ‘வரிசை முடியும் வரைக்கும் நான் யாருன்னே தெரியாம இருக்கணுமா?’ என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

‘நாம எல்லாருமே கொஞ்சம் ஆட்டிசம்தானே?’

ஆறுதலாகச் சொல்லப்படும் வார்த்தை. ஆனால், கேட்பவருக்கு வலிக்கும். முட்டி வலி உள்ள எல்லோருக்கும் கால் முறிந்திருப்பதாக யாரும் சொல்வதில்லை. ஆட்டிசத்தின் சில குணங்கள் எல்லோரிடமும் சிறிய அளவில் இருக்கும். அவை ஒன்றாகச் சேர்ந்து வாழ்க்கையையே தடுக்கும்போதுதான் அந்தப் பெயர்.

வார்த்தை தேய்ந்தால் யாருக்கு நஷ்டம்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆட்டிசம் உள்ள 8 வயதுக் குழந்தைகளில் 26.7% பேர் தீவிர ஆட்டிசம் உள்ளவர்கள். பேச்சு இல்லை அல்லது மிகக் குறைவு, அல்லது அறிவுத்திறன் மிகக் குறைவு. இவர்களுக்கு வாழ்நாள் முழுக்க 24 மணி நேரமும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். லான்செட் ஆணையம் 2021-ல் இவர்களுக்கென ஒரு தனிப் பெயரைப் பரிந்துரைத்ததற்குக் காரணமே, ஒரே குடைக்குள் இவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள் என்ற கவலைதான். ரீல் போடுபவர் பேசத் தெரிந்தவர். பேச முடியாதவரால் ரீல் போட முடியாது. அதனால் நம் ஃபீடில் வரும் ஆட்டிசம் எப்போதும் ஒரு முனையில் இருந்தே வரும்.

தீவிரப் பிரிவைத் தனியாகப் பிரிப்பதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ‘இவர் தீவிரம், இவர் லேசு’ என்று பிரித்தால் லேசு என்று முத்திரை விழுந்தவருக்கு உதவியே மறுக்கப்படும் என்பது அவர்கள் பயம். இரு தரப்பும் கேட்பது ஒன்றையே: தேவையான உதவி.

நம் ஊரில் நிலைமை என்ன?

இந்தியாவில் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஆய்வு, சுமார் நூறில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகக் கணித்தது. கிராமத்தில் மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைக்கு, ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்ற சமாதானமே இன்றும் முதல் சிகிச்சை. இங்கே பெரிய பிரச்சினை, தேவையில்லாதவர்களுக்கு டயக்னோசிஸ் கிடைப்பதைவிட, தேவையானவர்களுக்குக் கிடைக்காமல் போவதுதான்.

ஃபேஷன் என்று சொல்லும் அளவுக்குச் சான்றிதழ் வாங்குவதும் எளிதில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறார்கள். இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குக் குறைந்தது 40% பாதிப்பு இருக்க வேண்டும். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவிகிதத்தில், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து ஒதுக்கியிருப்பது 1% மட்டுமே. ‘எனக்கு ஆட்டிசம்’ என்று இன்ஸ்டா பயோவில் போடுகிறவர்கூட அதை ஹெச்.ஆரிடமோ பெண் பார்க்க வந்தவர்களிடமோ சொல்ல ஒரு தடவைக்குப் பத்து தடவை யோசிப்பார். சொல்வதற்கு மட்டும் சுலபமாகிவிட்ட ஒரு வார்த்தை, பேப்பரில் வந்தால் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

உண்மையிலேயே சந்தேகம் இருந்தால்?

* எழுதி வையுங்கள். எந்தச் சூழலில், எவ்வளவு காலமாக, என்ன பாதிப்பு என்று ரீல் வார்த்தைகளில் இல்லாமல் உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள்.

* வீட்டில் கேளுங்கள். எப்போது பேச ஆரம்பித்தேன், எப்படி விளையாடுவேன், பள்ளியில் டீச்சர் என்ன சொன்னார் என்று அம்மா, அப்பா, பெரியம்மா யாரிடமாவது கேளுங்கள். பழைய ரேங்க் கார்டு, டீச்சர் குறிப்பு இருந்தால் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டின்போது டாக்டர் கேட்கும் முதல் விஷயங்களில் இவையும் இருக்கும்.

* சரியான ஆளிடம் போங்கள். மனநல மருத்துவர் அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. நம் ஊரில் பெரும்பாலான சேவைகள் குழந்தைகளுக்கானவை என்பதால், ‘பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்வீர்களா?’ என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம்.

* ‘இல்லை’ என்ற பதிலுக்கும் தயாராக இருங்கள். ஆட்டிசம் இல்லை என்று சொன்னால் உங்கள் சிரமம் பொய் என்று அர்த்தமில்லை. அதற்கு வேறு பெயர் இருக்கலாம், வேறு வழியும் இருக்கலாம்.

* சின்ன வசதிகளுக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஆபீஸில் ஹெட்போன் போட்டுக்கொள்வது, மீட்டிங்கில் பேசியதை மெயிலில் கேட்பது, சத்தம் குறைவான இடத்தில் உட்காருவது - இதையெல்லாம் இன்றைக்கே கேட்கலாம்.

* மனசு ரொம்பக் கனமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம்.

நண்பர் வந்து சொன்னால்?

‘மச்சி, எனக்கு ஆட்டிசம் இருக்கும்னு தோணுது’ என்று ஒரு நண்பர் சொன்னால், ‘போடா, ரீல்ஸ் ஜாஸ்தி பார்க்குறே’ என்று சிரிப்பது சுலபம். ‘ஆமாடா, கன்ஃபார்ம்’ என்று முத்திரை குத்துவதும் சுலபம். அவர் சொல்வது சரியா தவறா என்று தீர்ப்பு சொல்லும் படிப்பு நம்மில் பெரும்பாலானவர்களிடம் கிடையாது. நம்மால் கேட்க முடிந்த கேள்விகள் வேறு. ‘எது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?’, ‘எப்போ இருந்து?’, ‘டாக்டரைப் பார்க்கணும்னா நான் கூட வரட்டுமா?’

ட்ரெண்டுக்காகச் சொன்னவர் முதல் கேள்விக்கே பதில் தேடுவார். உண்மையிலேயே தவித்துக்கொண்டிருப்பவருக்கு, பல வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வியாக அது இருக்கும். இருவரில் யாராக இருந்தாலும் கேட்டதால் நஷ்டம் எதுவும் இல்லை.